யார் கொடுத்த அனுமதி? எந்தப் படிப்புக்கு? எந்த ஆண்டுக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எங்கள் பக்கம் முழுக்க சுவருக்குச் சுவர் போஸ்டர். ‘பத்தாவது ஃபெயிலா? கவலை வேண்டாம்’, ‘ஒரே வருடத்தில் டிகிரி’, ‘எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முற்றிலும் இலவசம்’, ‘100 சதவீத வேலை உத்தரவாதம்’. கீழே பெரிய எழுத்தில் ஒரு செல் நம்பர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயர். இந்தப் படிப்பை நடத்த அனுமதி கொடுத்தது யார் என்பது மட்டும் பெரும்பாலான போஸ்டர்களில் எந்த எழுத்திலும் இருக்காது.

நாங்கள் சிலர் இந்தப் பகுதியில் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறோம். மே, ஜூன் வந்துவிட்டால் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அட்மிஷன் விசாரணைதான். அப்பாவும் அம்மாவும் மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு வந்து ஒரு நோட்டீஸை நீட்டுவார்கள். “இந்த காலேஜ் நல்ல காலேஜா?” என்று கேட்பார்கள். பல வருடம் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ‘நல்ல காலேஜா?’ என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யார் கொடுத்த அனுமதி? எந்தப் படிப்புக்கு? எந்த ஆண்டுக்கு? இந்த மூன்றுக்கும் பதிலை விற்கிறவரிடம் கேட்கக் கூடாது, அனுமதி கொடுக்கிற இடத்தில் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஏமாந்தால் எல்லோருக்கும்தானே நஷ்டம், இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். பணமும் சொந்தபந்தமும் உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு போலி நிறுவனத்தில் மாட்டினால் ஒரு வருடம் போகும், கொஞ்சம் பணம் போகும். அடுத்த வருடம் வேறு கல்லூரியில் சேர்ந்துவிடும். நம் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது. மகளிர் குழுக் கடனோ, நகை அடகோ, கந்துவட்டியோ வைத்துத்தான் முதல் தவணை கட்டியிருப்பார்கள். படிப்பு வீணானால் கடன் மட்டும் நிற்கும். பையன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்கு ஏறுவான். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு வீட்டின் முதல் பட்டதாரி வராமலே போய்விடுவார்.

இன்னொன்று, கல்வி உதவித்தொகை. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை யாரும் போட்ட பிச்சையல்ல. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் 1942இல் அரசுக்குக் கொடுத்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கேட்டு வாதாடினார். 1944இல் அந்தத் திட்டம் தொடங்கியது. இன்று குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கிற பட்டியல் சாதி மாணவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92ஐ நம் மாணவர்கள் எண்ணைச் சொல்லியே அறிவார்கள். சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கும் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்த ஆணை அது. இந்தப் பணத்தின் வாசம் பிடித்துத்தான் ‘எஸ்.சி., எஸ்.டி.க்கு இலவசம்’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 2013 முதல் 2017 வரை ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையில் 250 கோடி ரூபாய்க்கு மேல் தனியார் நிறுவனங்கள் சுருட்டியதாக எழுந்த வழக்கை 2019இல் சி.பி.ஐ. எடுத்து விசாரித்தது. அதாவது, போலிக் கல்விக் கடைக்கு நம் பிள்ளை வெறும் வாடிக்கையாளர் இல்லை. நம் பிள்ளையின் சாதிச் சான்றிதழே அவர்களுக்கு முதலீடு.

எங்களிடம் வந்த ஒரு தங்கையின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா பெயின்டர், அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு நிறுவனத்தில் ‘நர்சிங்’ என்று சொல்லிச் சேர்த்தார்கள். வெள்ளை யூனிஃபார்ம், பேட்ஜ், குத்துவிளக்கு ஏற்றி உறுதிமொழி எல்லாம் நடந்தது. இரண்டு வருடம் படித்தார். அதில் பாதி நாள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ‘பயிற்சி’ என்ற பெயரில் சம்பளமில்லாத வேலை. முடித்துவிட்டு அரசு செவிலியர் வேலைக்கு விண்ணப்பம் போடப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வேண்டும் என்று. கையில் இருந்த சான்றிதழுக்குப் பதிவு கிடையாது. எந்தக் கவுன்சிலும் அந்தப் படிப்பை அனுமதிக்கவே இல்லை. இன்றைக்கும் அவர் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார், ட்ரிப்ஸ் ஏற்றுகிறார். நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் மட்டும் உதவியாளருக்கு உரியது. ஏதாவது தவறு நடந்தால் முதலில் மாட்டுகிறவரும் அவர்தான்.

இந்தக் கதையில் அந்தப் பெண் சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரியும் இல்லை. காசு கொடுத்துத் தெரிந்தே போலிச் சான்றிதழ் வாங்குகிறவர் வேறு, உழைத்துப் படித்து ஏமாற்றப்பட்டவர் வேறு. இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்துக் கேலி பேசுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை விட வேண்டும்.

தமிழ்நாட்டில் முறையாகச் செவிலியர் ஆக வேண்டுமென்றால் வழி தெளிவாக இருக்கிறது. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. எதைப் படித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு ஆக வேண்டும். 1926இல் போட்ட சட்டத்தின்படி இயங்குகிற கவுன்சில் அது. ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’, ‘ஃபர்ஸ்ட் எய்ட் நர்சிங்’ என்று ஒரு வருடப் படிப்பு விற்கிறவர்கள் இந்தப் பதிவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். “படித்து முடித்ததும் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

போலி என்பது ஒரே வகை இல்லை. நாங்கள் பார்த்தவரை மூன்று வகை.

முதல் வகை, பல்கலைக்கழகமே போலி. 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்டம் வழங்க நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவை மட்டுமே பட்டம் கொடுக்கலாம். மற்ற யாரும் கொடுக்கக் கூடாது. 23ஆம் பிரிவு, பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போடவே தடை விதிக்கிறது. மீறினால் 24ஆம் பிரிவில் என்ன தண்டனை தெரியுமா? அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். ஒரு மாணவரிடம் வாங்குகிற விண்ணப்பக் கட்டணத்திலேயே அதைக் கட்டிவிடலாம். அதனால்தான் யு.ஜி.சி. ஆண்டுதோறும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிட்டும் கடைகள் மூடப்படுவதில்லை. 2021 ஆகஸ்டில் மக்களவையில் ஒன்றியக் கல்வி அமைச்சர் சொன்ன கணக்குப்படி அப்போது அந்தப் பட்டியலில் 24 பெயர்கள். உத்தரப் பிரதேசத்தில் 8, டெல்லியில் 7. நமக்குப் பக்கத்திலும் உண்டு. திருச்சி புத்தூர் முகவரியில் ஒரு ‘சமஸ்கிருதப் பல்கலைக்கழகம்’ பல வருடம் பட்டியலில் இருந்தது. புதுச்சேரியில் ‘ஸ்ரீ போதி அகாடமி ஆஃப் ஹையர் எஜுகேஷன்’ என்ற பெயரும் இருந்தது. போதி என்று பார்த்ததும் நமக்கு ஒரு நெருக்கம் வரும். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். புத்தர் பெயரோ, அண்ணல் பெயரோ, ஐ.நா. பெயரோ, எந்தப் பெயரும் அனுமதி ஆகாது. டெல்லியில் ‘யுனைடெட் நேஷன்ஸ் யுனிவர்சிட்டி’ என்றே ஒரு போலி அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது.

இடமும் அனுமதி ஆகாது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கை வாடகைக்கு எடுத்து, சினிமாப் பிரபலங்கள் உட்படப் பலருக்கு ஒரு தனியார் அமைப்பு ‘கௌரவ டாக்டர்’ பட்டம் கொடுத்தது. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. உலகம் சுற்றிய பிரபலங்களே மேடையையும் அங்கியையும் பார்த்து நம்பினார்கள் என்றால், முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற நம் அப்பா அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. பல்கலைக்கழகம் உண்மை, ஆனால் அந்தப் படிப்புக்கோ அந்த ஆண்டுக்கோ அந்த ஊருக்கோ அனுமதி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, இப்போது அரசுப் பல்கலைக்கழகம். அதை யாரும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் 2022 மார்ச்சில் யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விக்கான அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டு வரைதான் இருந்தது, அதில் சேர வேண்டாம் என்றது. யார் என்ற கேள்விக்குப் பதில் சரி, எந்த ஆண்டு என்ற கேள்வியில் இடித்தது. இந்த நிலவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால்தான் போன வருடம் சேர்ந்த அக்காவின் அனுபவத்தை வைத்து இந்த வருடம் சேரக் கூடாது.

2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு பாடம். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அவற்றில் ஒன்று சேலம் விநாயகா மிஷன்ஸ். பல்கலைக்கழகங்கள் உண்மையானவை. ஆனால் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லை. 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் தனித் தேர்வு எழுதித்தான் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். வேலையில் சேர்ந்து, பதவி உயர்வு வாங்கி, பல வருடம் ஆன பிறகு வந்த தீர்ப்பு அது. பொறியியல், நர்சிங், சட்டம், பிசியோதெரபி, பார்மசி போன்றவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த யு.ஜி.சி. விதிகள் அனுமதிப்பதில்லை. ‘வீட்டிலிருந்தே பி.இ.’, ‘வாரம் ஒரு நாள் வந்தால் போதும், எல்.எல்.பி.’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. பத்தாவது, பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலை முறையில் நேராக டிகிரி. அறிவுக்காகப் படிப்பது தவறில்லை. ஆனால் அரசு வேலைக்கு அந்தப் பட்டம் நிற்காது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது, அதே ஆண்டு தமிழ்நாடு அரசின் அரசாணை 107ம் அதைத்தான் சொன்னது. குடும்பத்துக்காகப் பதினான்கு வயதில் வேலைக்குப் போன நம் அண்ணன்களும் அக்காக்களும் இதில் நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சரியான வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்திலோ அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வராகவோ முதலில் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் முடிப்பது. மூன்று நான்கு வருடம் கூடுதலாக ஆகும். ஆனால் அந்தப் படிக்கட்டு உடையாது.

மூன்றாவது வகை, அனுமதி இருக்கிறது, உள்ளே கல்லூரி இல்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணையதளத் தகவல்களையே எடுத்து ஆராய்ந்து, 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்கு காட்டப்பட்டிருப்பதை வெளியே கொண்டுவந்தது. 224 பொறியியல் கல்லூரிகள் அதில் அடக்கம். ஒரே ஆளை ஒரே நாளில் பல வகுப்பறையில் நிறுத்தி வாங்கிய அனுமதி அது.

இந்த வகையின் கொடூரமான முகத்தை 2016இல் பார்த்தோம். அன்றைய விழுப்புரம் மாவட்டம், சின்னசேலம் அருகே பங்காரம் கிராமத்து எஸ்.வி.எஸ். யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி. ஜனவரி 23ஆம் தேதி மூன்று மாணவிகள் கிணற்றில் இறந்து கிடந்தார்கள். அதிகக் கட்டணம் வாங்குகிறார்கள், பாடம் நடத்த ஆளில்லை, வசதி எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே ஆட்சியர் அலுவலகம் வரை போய் மனு கொடுத்து, போராடிப் பார்த்தவர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள். யாரும் காது கொடுக்கவில்லை. மூன்று உயிர் போன பிறகுதான் தாளாளர் கைதானார், கல்லூரிக்கு சீல் வைத்தார்கள். காகிதத்தில் அனுமதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, எப்படிச் சரிபார்ப்பது? அட்மிஷன் காலத்தில் எங்கள் மேசையில் நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறோம்.

முதலில் நோட்டீஸில் இருக்கிற அலங்கார வார்த்தைகளை அடித்துவிடுவோம். ‘ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது’, ‘அரசு பதிவு பெற்றது’, ‘எம்.எஸ்.எம்.இ. பதிவு’, ‘டிரஸ்ட் பதிவு எண்’. இவை எதுவும் படிப்புக்கான அனுமதி இல்லை. சங்கமோ அறக்கட்டளையோ யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், தெருமுனைக் கடைகூட எம்.எஸ்.எம்.இ. பதிவு வாங்கலாம். ‘நாக்’ கிரேடும் அனுமதி இல்லை, அது தரமதிப்பு. அதையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது.

பிறகு, அனுமதி தருகிற இடத்தைத் தேடுவோம். பட்டம் என்றால் யு.ஜி.சி. இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்போம். கலை அறிவியல் கல்லூரி என்றால், எங்கள் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியல். கல்லூரி இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப் போகும் அதே படிப்புக்கு இணைப்பு வேண்டும். பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு, கவுன்சலிங்கில் கல்லூரியின் நான்கு இலக்கக் குறியீடு. நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்கில் வராது. அவற்றுக்கு யு.ஜி.சி. பட்டியலையும் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி.எட். என்றால் என்.சி.டி.இ., தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். சட்டம் என்றால் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா. பார்மசிக்கு பார்மசி கவுன்சில். பாலிடெக்னிக்குக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஐ.டி.ஐ.க்கு ஒன்றிய அரசின் டி.ஜி.டி. தொலைநிலை, ஆன்லைன் என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்த ஆண்டும் அந்தப் படிப்பும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘சென்னை சென்டர்’ என்று ஒரு மாடி அறையைக் காட்டினால் இரண்டு மடங்கு கவனம் தேவை. மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே இப்படி மையம் நடத்த முடியாது. தனியார் பல்கலைக்கழகம் எந்தக் கல்லூரியையும் தன்னோடு இணைத்துக்கொள்ளவும் முடியாது. சத்தீஸ்கரில் 2002இல் ஒரு சட்டம் போட்டு 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்கு ஓர் அறையைத் தாண்டி எதுவும் இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்து செய்தது. அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டால் கடைகள் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு அது கணக்கு.

இணையத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். ‘இந்த முகவரியில் உள்ள இந்தக் கல்லூரிக்கு, இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு இணைப்பு உண்டா? எத்தனை இடங்கள்?’ என்று பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு எழுதினால் தாமதமாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சிலேயே உங்கள் பகுதியில் போஸ்டர் ஒட்டுகிற எல்லா நிறுவனங்களைப் பற்றியும் ஒரே மூச்சில் எழுதிப் போடுங்கள். மாணவர் அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை இது.

கல்லூரிக்கு நேரில் போனால் ஆபீஸில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். வகுப்பறையையும் லேபையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் வாசலில் பேசுங்கள். அவர்களே இல்லையென்றால் அதுவே பதில். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். “இன்றைக்கே அட்வான்ஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும்” என்றால் போகட்டும்.

‘இலவசம்’ என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அரசாணை 92இன் கட்டணச் சலுகை கிடையாது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து “உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரவில்லை, பணம் கட்டுங்கள்” என்பார்கள். கவுன்சலிங் வழியாகவா, மேனேஜ்மென்ட் கோட்டாவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏ.டி.எம். கார்டையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள். கல்லூரி அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. நம் பிள்ளைகளின் டி.சி.யும் சாதிச் சான்றிதழும் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்போதுதான் மிரட்டல் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கேட்காமல் சேர்கிறார்கள்? ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்டால் அவமானப்படுத்துவார்கள் என்பது நம் தாத்தா பாட்டி பட்ட அனுபவம். தாலுகா ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அது இன்றும் நடக்கிறது. அந்த பயம் கல்லூரி ஆபீஸ் வரை கூட வருகிறது. கோட் போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டு என்று கேட்பது நம் உரிமை, அது மரியாதைக் குறைவு இல்லை. அதைக் கேட்கிற அம்மா ஒருவரைப் பார்த்தால் வரிசையில் பின்னால் நிற்கிற நான்கு பேர் கேட்பார்கள். சுயமரியாதை என்று மேடையில் பேசுவது அந்த மேசைக்கு முன்னால்தான் சோதனைக்கு வருகிறது.

இன்னொன்றையும் நமக்குள் பேசியாக வேண்டும். புரோக்கர் எப்போதும் வெளியாள் இல்லை. நம் தெரு அண்ணன், தூரத்து மாமா, சில நேரம் நீலத் துண்டு போட்டவர். ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஏப்ரல் 14க்கு வைக்கிற பேனரில் கல்லூரித் தாளாளர் படம், பந்தல் செலவு அவருடையது, பதிலுக்கு நம் காலனியிலிருந்து இத்தனை அட்மிஷன். எல்லாத் தாளாளரும் அப்படியில்லை, எல்லா அண்ணனும் அப்படியில்லை. ஆனால் அண்ணலின் படத்துக்குப் பக்கத்தில் ஒருவருக்கு இடம் கொடுப்பதற்கு முன் அவருடைய கல்லூரியின் அனுமதியை இந்த மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கிற பொறுப்பு நமக்கு இருக்கிறது. நம்மை நம்பித்தான் மக்கள் அந்த பேனரை நம்புகிறார்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் ஓய்ந்து போக வேண்டாம். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, போஸ்டர் ஃபோட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மோசடிக்கு போலீஸ் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் வழியிலும் நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்று உண்டு. பீகாரின் புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி, மகத் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவதாக விளம்பரம் செய்து 1993இல் மாணவர்களைச் சேர்த்தது. இணைப்பும் இல்லை, பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகாரமும் இல்லை. மாணவர்கள் தேசிய நுகர்வோர் ஆணையம் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்று, கட்டணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் திருப்பித் தரச் சொன்னது. பதினாறு வருடம் ஆனது. போன வயது திரும்பாது. ஆனாலும் தனியாகப் போகாமல் சேர்ந்து போனதால்தான் அது நடந்தது. ஒருவர் புகார் கொடுத்தால் மிரட்டுவார்கள், முப்பது பேர் போனால் பேச வருவார்கள்.

கடைசியாக, கடைகள் பெருகக் காரணம் நம் அறியாமை மட்டும் இல்லை. மாங்காடு 2021இல் நகராட்சி ஆகிவிட்டது. ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் நந்தனத்துக்கோ வியாசர்பாடிக்கோ பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியும், போதுமான செவிலியர் பயிற்சிப் பள்ளிகளும் இருந்தால் மருந்துக் கடை மாடியில் யார் ஏறப் போகிறார்கள்? ஆகவே போஸ்டரைக் கிழிப்பதோடு நிற்காமல் அரசுக் கல்லூரி கேட்டுத் தெருவுக்கு வர வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதத்தை மாற்றச் சொல்லி எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.

அதுவரை, வருகிற அட்மிஷன் சீசனில் உங்கள் படிப்பகத்தில் ஒரு மேசை, ஒரு செல்ஃபோன், ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வருகிற ஒவ்வொரு நோட்டீஸுக்கும் அந்த மூன்று கேள்விகளையும் எழுதி, பதிலைச் சரிபார்த்து, தெருவில் எல்லோரும் படிக்கிற மாதிரி போர்டில் எழுதிப் போடுங்கள். இந்த வருடம் ஒரு பிள்ளை தப்பித்தால்கூட ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி தப்பித்தார் என்று பொருள்.

ஜெய் பீம்.